நிழலுக்கு ஒதுங்காத மீன்கள்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மேலாளர் முதல் துணி துவைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் எண்ணிக்கை அக்கா. பின்னே, எதை எடுத்தாலும் எண்ணுகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவதாம்! அறுபத்திரண்டு முதியவர்கள், ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்துக்கு மூன்றிலிருந்து பதினொன்று வரை மாத்திரைகள். காலை ஆறரைக்கு மருந்தறையைத் திறந்தால் எட்டு மணி வரைக்கும் அவள் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறு சொல் வராது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் துப்புகிற சாமர்த்தியசாலிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. "வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம். ம், அந்தப் பக்கமும்" என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவாள். திட்டுவார்கள். திட்டட்டும். அவள் கையால் மருந்து மாறிப்போய் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு தரம்கூட இல்லை.

பத்தொன்பது வயதில் தரை துடைக்கிற வேலைக்கு வந்தவள் அவள். துடைத்துக்கொண்டே மருந்து அட்டைகளில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். வேலை முடிந்தபின் பயிற்சி வகுப்புக்கு ஓடினாள். ஏழாவது வருடம் மருந்தறைச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. கல்யாணமும் அந்தக் கட்டடத்திலிருந்துதான் வந்தது. குளியலறைக் குழாய் சரிசெய்ய வந்த பிளம்பரிடம், "ஏழு வாஷர் எடுத்துட்டு வந்தீங்க. ஆறுதான் மாட்டினீங்க. இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாள். அந்த மனுஷன் சட்டைப் பையைத் துழாவி, அசடு வழிந்துகொண்டு, ஏழாவதை எடுத்து நீட்டினார். "அன்னிக்கு மாட்டினவன்தான், இன்னும் கழட்ட முடியல" என்று இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அவளுடைய இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

முதியவர் ஒருவர் இறந்துபோனால் அவருடைய மருந்துகள் மிஞ்சும். மருத்துவர் வந்து ஒரு மருந்தை நிறுத்திவிட்டு வேறொன்று எழுதினாலும் பழையது மிஞ்சும். முன்பெல்லாம் அதைக் குப்பையில்தான் போடுவார்கள். அவள் சாவி வாங்கிய இரண்டாவது வருடம், பெருக்குகிற பெண்ணின் மூன்று வயது மகள் குப்பைக் கூடையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, மிட்டாய் என்று நினைத்து நான்கை விழுங்கிவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எண்ணிக்கை அக்காதான். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஓட்டத்தில், தோளில் துவண்டு கிடந்த அந்தத் தலையின் கனம் அவளை விட்டுப் போகவே இல்லை. இனி ஒரு மாத்திரைகூட முழுசாக இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று அன்றே முடிவு கட்டினாள்.

அதற்கு அவளே ஒரு முறை வகுத்தாள். மிஞ்சியதை எல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் மேசையில் கொட்டி எண்ணுவாள். பதிவேட்டில் எழுதுவாள். சமையற்காரரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வாள். பிறகு கல்லில் வைத்துப் பொடித்து, கொதிக்கிற தண்ணீரில் கரைத்து, மருந்தறை சிங்க்கில் ஊற்றுவாள். கடைசித் துகள் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டபடி நிற்பாள். மேலாளரே அசந்துபோய், மற்ற இல்லங்களிலிருந்து வந்தவர்களை அழைத்துவந்து காட்டினார். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஏன் இருக்காது?

பொடி படிந்து படிந்து ஒரு நாள் குழாய் அடைத்துக்கொண்டது. கணவர் வந்து பார்த்துவிட்டு, "இது நகராட்சிக் கழிவுக் குழாயோட சேர்ற எடத்துல கல்லு மாதிரி இறுகிப் போச்சு. தோண்டினா ரெண்டு நாள் ஆகும். பேசாம பின்பக்கமா ஒரு குழாய் போட்டுத் தோட்டத்துக் கால்வாயில விட்டுடறேன்" என்றார்.

"கால்வாய் குளத்துக்குல்ல போகுது?"

"போனா என்ன? மருந்துதானே, விஷமா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனுஷரைக் குணமாக்குகிற பொருள் தண்ணீரில் கலந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? அரை நாளில் குழாய் போட்டாயிற்று. அதன்பிறகு ஒரு தரம்கூட அடைக்கவில்லை. பதினோரு வருடம்.

கட்டடத்தின் பின்னால் இருந்த அந்தக் குளம் பெரிதொன்றும் இல்லை. இரண்டு பேருந்துகளை ஒட்டி நிறுத்தினால் மூடிவிடும். இந்தக் கணக்கு டிரைவர் அய்யா சொன்னது. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். மனைவி போன பிறகு மகன் கொண்டுவந்து விட்டுப்போனான். வந்த நான்கு மாதமும் மனுஷர் வாயைத் திறக்கவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சுவரைப் பார்த்தபடி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும். திரும்பி வந்த தட்டுகளை எண்ணிக்கை அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில், கேட்காமல் கொள்ளாமல், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளக்கரைக்குப் போனாள். கரையோரம் விரல் நீளத்துக்கு வெள்ளி மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் அய்யாவின் நிழல் அவற்றின்மேல் விழுந்தது. ஒன்றுகூட நகரவில்லை. அவர் மெல்லக் குனிந்து கையைத் தண்ணீரில் விட்டார். மீன்கள் ஓடவில்லை. வந்து விரலிடுக்கில் நுழைந்தன. உள்ளங்கையில் வாய் வைத்துப் பார்த்தன.

"ஒதுங்க மாட்டேங்குதே!" என்றார்.

நான்கு மாதத்தில் முதல் பேச்சு. எண்ணிக்கை அக்கா நாற்காலியை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். "பேசிட்டாருய்யா! டிரைவர் அய்யா பேசிட்டாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாயை மூடினால்தானே! "ஆயுசு பூரா ஹாரன் அடிச்சே காலம் போச்சும்மா. என் வண்டியப் பாத்தா மனுஷன், மாடு, நாய் எல்லாம் ஒதுங்கும். இதுங்க மட்டும்தான் என்னைப் பாத்து ஒதுங்கல" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொன்னார். தட்டு காலியாகத் திரும்பியது. மற்றவர்களும் குளக்கரைக்கு வர ஆரம்பித்தார்கள். மேலாளர் இரண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தார். பார்க்க வருகிற பிள்ளைகள் படம் எடுத்தார்கள். எங்கள் குளத்து மீன்களுக்கு எங்களைத் தெரியும் என்று இல்லமே சொல்லிக்கொண்டது.

ஒரு வருடம் போல அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு சாம்பல் நிற நாரை ஒன்று வந்தது. நாரை என்றால் ஒற்றைக் காலில் காத்துக் கிடக்கும், பத்துக்கு ஒன்று கிடைக்கும் என்றுதான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதற்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை. கொத்தும், விழுங்கும், மறுபடி கொத்தும். பக்கத்து மீனைத் தூக்கிக்கொண்டு போனாலும் இந்த மீன் அதே இடத்தில் மிதந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை அக்கா சும்மா இருப்பாளா? பெஞ்சுக்கு எதிரே நான்கடி நீளத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டு தினமும் எண்ணினாள். மழைக்காலத்தில் நூற்றுப்பத்து. வெயில் தொடங்கும்போது எழுபது. பிறகு நாற்பத்தொன்று.

துடைப்பத்தோடு நாரையைத் துரத்தப் போனாள். ஒரு வாரம் பறந்தது. அடுத்தடுத்த வாரங்களில், அவள் பத்தடிக்குள் வரும்வரை நின்றது. பிறகு கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாலும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. ஒரு காலை தெருநாய் ஒன்று வேலிக்கடியில் நுழைந்து வந்து அதைக் கடித்துக் குதறிப் போட்டுவிட்டது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நாய் நேராகத்தான் வந்ததாம், குரைத்துக்கொண்டேதான் வந்ததாம். நாரை இறக்கையை விரிக்கவே இல்லையாம். குழி தோண்டப் போனபோது அவள் அதைக் கையில் எடுத்தாள். அவ்வளவு உயரமான பறவை, ஒரு கனமும் இல்லை. என்னவோ சரியில்லை என்று அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

அவளாகவே நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தாள். ஒரு பெண் வந்தாள். குட்டை முடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நான்கு பாட்டிலில் தண்ணீரும் ஒரு டப்பாவில் சேறும் எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்துத் தாளோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, இங்க எத்தனை பேர் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்க?"

"முப்பத்தெட்டுப் பேர்" என்றாள் எண்ணிக்கை அக்கா, யோசிக்காமலே.

"மீனையும் சேத்துக்குங்க. குளம் முழுக்க அதான் இருக்கு. இன்னும் வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரைன்னு ஏழெட்டு வகை இருக்கு. ஆனா இதுதான் அதிகம். மனுஷனுக்கு பயத்தக் குறைக்கிற மருந்து மீனுக்கும் குறைக்கத்தான் செய்யும். பயம் இல்லாத மீன் எத்தனை நாளைக்குப் பொழைக்கும், சொல்லுங்க?"

"அந்த நாரை?"

"அதை நான் சோதிக்கலயே. மீனைத் தின்னதுதானேன்னு சந்தேகப்படலாம், அடிச்சுச் சொல்ல முடியாது." அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "உங்க குளியலறைத் தண்ணியெல்லாம் நகராட்சிக் குழாய்க்குத்தான் போகுதுன்னு வரைபடத்துல இருக்கு. அப்போ இது எங்கிருந்து வருதுன்னுதான் புரியல."

எண்ணிக்கை அக்கா எழுந்தாள். மருந்தறைக்குள் போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்துவைத்தாள். பதினோரு வருடத்து வெள்ளிக்கிழமைகள். தேதி, மருந்து, எத்தனை, சாட்சிக் கையெழுத்து. எல்லாம் அவளுடைய அழகான கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். பூட்ஸ் போட்ட பெண் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதி வெச்சு நான் பாத்ததில்லக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மருந்தை இனி என்ன செய்வது என்று கேட்டாள் எண்ணிக்கை அக்கா. ஆஸ்பத்திரிக் கழிவை எடுக்க ஒரு வேன் வருகிறதே, அதில் பூட்டிய பெட்டியில் கொடுத்தால் பெரிய உலையில் எரித்துவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். "சரி, மனுஷங்க சாப்பிட்டு உடம்புலேர்ந்து வெளிய போறது? அது நகராட்சிக் குழாயில போய் எங்க சேருது?" என்று அடுத்த கேள்வி. "ஆத்துல. சுத்திகரிப்புல பாதி போகும். மீதி போகாது." "அப்போ ஆத்து மீனுங்க?" அந்தப் பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மேலாளருக்கு வேறு கவலை. "அக்கா, வெளிய தெரிஞ்சா இல்லத்தோட பேர் என்னாகறது? குழாய அடைச்சுட்டுக் கமுக்கமா இருந்துடலாமே" என்றார். எண்ணிக்கை அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். மற்ற இல்லங்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்து இந்தச் சிங்க்கைக் காட்டியவர் இவர்தானே. "அவங்களும் இதையே செஞ்சுட்டிருப்பாங்கல்ல சார்? நம்மளப் பாத்துத்தானே கத்துக்கிட்டாங்க?" என்றாள். அன்று மதியமே, வந்து பார்த்துப் போன ஒன்பது இல்லங்களுக்கும் அவளே கடிதம் எழுதினாள். தான் செய்தது தப்பு என்று முதல் வரியிலேயே எழுதினாள்.

வீட்டில்தான் உடைந்தாள். "நீங்க விஷமான்னு கேட்டீங்க, நானும் இல்லன்னுட்டேன்" என்று கணவரிடம் அழுதாள். அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "நீ ஊத்தின, நான் குழாய் போட்டேன். ரெண்டு பேரும் நல்லதுன்னுதான் செஞ்சோம், அத விடு" என்று சீறினார். அந்தச் சீற்றம் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை கடப்பாரையோடு வந்து, பதினோரு வருடத்துக்கு முன் அரை நாளில் போட்ட குழாயை இரண்டு நாள் தோண்டி எடுத்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். கணவனும் மனைவியுமாகக் கரையோரச் சேற்றை வாளி வாளியாக அள்ளிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். அதையும் வேன்காரர்கள் எடுத்துப் போனார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினாறு வாளி.

இவ்வளவையும் செய்தவளுக்கு ஒன்று மட்டும் முடியவில்லை. டிரைவர் அய்யாவிடம் சொல்வது.

எப்படிச் சொல்வாள்? மனுஷர் உயிரோடு திரும்பி வந்ததே அந்த மீன்களால். தண்ணீர் தெளியத் தெளிய மீன்களுக்குப் பயம் திரும்பும், அவரைக் கண்டால் ஓடும். ஓடினால் அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் மீன்கள் புத்தி கெட்டே கிடக்க வேண்டும். மாலையில் அவருடைய கிண்ணத்தில் அதே பதற்ற மாத்திரை ஒன்றை அவளேதான் வைப்பாள். அவருக்கு அது வேண்டும். அது இல்லாவிட்டால் அவர் கண்ணை மூட மாட்டார். யாரைக் குறை சொல்வது?

ஆக, பொய் சொன்னாள். சேறு அள்ளியபோது, "கால்வாய் தூர்ந்து போச்சுங்கய்யா" என்றாள். கைக்கு வரும் மீன்கள் குறைந்தபோது, "குளிருக்கு அடியில கிடக்குதுங்க" என்றாள். வெயில் வந்ததும், "சூடு தாங்காம அடியில போயிருக்குங்க" என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தினமும் காலையில் தன்னைக் குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அவள் தள்ளிக்கொண்டு போவாள். ஒன்றாவது வரட்டும் என்று ஒரு மனம். ஒன்றும் வரக்கூடாது என்று ஒரு மனம்.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. டிரைவர் அய்யாவுக்கு உடம்பு வற்றிப்போயிற்று, கழுத்தெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. குளத்தில் புதிதாகக் குஞ்சுகள் பொரித்திருந்தன. ஒரு காலை வழக்கம்போலக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவருடைய நிழல் தண்ணீரில் விழுந்தது.

படீரென்று கலைந்தன. பெரியது, சின்னது, அத்தனையும். ஒரே நொடியில் கரையோரம் காலியாகி, கலங்கின தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். வெகுநேரம் விட்டபடியே இருந்தார். ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற எண்ணிக்கை அக்கா, எண்ண ஒன்றும் இல்லாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா." அவர் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். "முப்பத்தொரு வருஷம் ரோட்ட பாத்தவன் நான். ஒதுங்காத உயிரு எதுவும் நல்லபடியா இருக்கிற உயிரு இல்லன்னு எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். ஆனா கைக்கு வந்துச்சே. விட மனசு வரல. யார்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த நாரையாவது தப்பிச்சிருக்கும். உனக்கு மட்டும்தான் பாரம்னு நெனச்சுக்காத."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஈரக் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். நடுக்குளத்தில், தண்ணீர்ச் செடிகளுக்குக் கீழே, மீன்கள் கும்பலாக நின்றிருந்தன. கரைப்பக்கம் பாசிமேல் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவை மேய்கிற இடம் அதுதான்.

"ஹாரன் அடிக்காமலே ஒதுங்கிடுச்சுங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு சக்கரத்தின் பிரேக்கைத் தானே தளர்த்திவிட்டார்.

"வண்டியப் பின்னால எடும்மா. நாம இங்க நின்னா அதுங்க சாப்பிட வராது."